பதினோரு மணி அலறல்

"ஆ...ஆ...ஆஆஆ...!"

ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போல ஓர் அலறல்.

ஆபீஸில் ஒருவரும் பதறவில்லை. ஹெவி மெட்டல் தவிர வேறெதையும் வெளியிடாத அந்தச் சின்ன ரெக்கார்ட் கம்பெனியில், அலறல் என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்!

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

"மாப்பிள்ளை பிச்சு உதறுறான்ல?"

எதிரே ஆல்பம் அட்டையோடு உட்கார்ந்திருந்த ஓவியப் பெண் சிரித்தாள்.

"இடின்னா சும்மாவா சார்! ரெண்டு வருஷமா வீட்லயே பாடி அனுப்பினவர், இன்னிக்குத்தான் இங்க வந்திருக்கார்!"

இடி. முதலாளியின் தங்கை கணவன். கம்பெனியின் ஒரே நட்சத்திரம்.

பாடும் அறைக்குள் அவன் செத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது!

அலறியது கம்ப்யூட்டர். பதினோரு மணிக்கு ஓடும்படி முடுக்கிவிட்டு வந்திருந்தார் முதலாளி.

'பெரிய கம்பெனிக்குப் போறோம் மச்சான்' என்று முந்தாநாள் அவன் சொன்ன நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டார். பத்து வருஷம் அவர் வளர்த்த குரல்... இன்னொருத்தன் வாசலில் போய்க் கத்துவதா?

'கடைசியா ஒரு பாட்டு இங்க பாடிட்டுப் போடா' என்று அழைத்தார். வந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். மைக் ஒயர் அதற்குள் கழுத்தைச் சுற்றிவிட்டது.

பதினொன்றரைக்கு டீ கொண்டுபோன ஓவியப் பெண் வீறிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்து கழுத்தைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப உயிரோட இருந்தார்?"

"பதினொண்ணு அஞ்சு வரைக்கும் பாடினான் சார்! ஆபீஸே கேட்டுச்சு. பத்தரைலேர்ந்து நான் சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்ல!"

"ஆமா சார்" என்றாள் ஓவியப் பெண், அழுதுகொண்டே.

தங்கை வந்தாள். முதலாளி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு குலுங்கினார்.

"போயிட்டான்மா! கடைசி மூச்சு வரைக்கும் பாடிக்கிட்டே போயிட்டான்!"

அவள் மெல்ல அவர் கைகளை விலக்கினாள்.

"பாடினாரா? எங்க... போடு, கேக்கறேன்."

இன்ஸ்பெக்டர் தலையசைக்க, ஓவியப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். அறை அதிர்ந்தது.

"அண்ணா... இது அவர் குரல் இல்ல."

"என்னம்மா உளர்றே?"

"ரெண்டு வருஷம் முன்னாடி அவர் தொண்டைல ஆபரேஷன். பேசத்தான் முடியும்... கத்த முடியாது. தெரிஞ்சா நீ தூக்கி எறிஞ்சிடுவேன்னு மறைச்சோம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் இன்னிக்கு வந்தார்!"

"அப்போ... பாடினது?"

அவள் வாயைத் திறந்தாள்.

"ஆ...ஆ...ஆஆஆ...!"

கண்ணாடித் தடுப்பு நடுங்கியது. கான்ஸ்டபிள் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. அச்சு அசல் அதே அலறல்!



"பெரிய கம்பெனி கூப்பிட்டது என்னை. வீட்ல பதிஞ்ச இந்தப் பாட்டை நேத்து சாயங்காலம் உன் கைல மட்டும்தான் கொடுத்தேன். வேற யார்கிட்டயும் காப்பி கிடையாது அண்ணா... என் வீட்டுக்காரர் கழுத்தை நெரிச்சிட்டு, என் குரலையே சாட்சிக்கு நிறுத்தினியா?"

"நா... நான்..."

முதலாளி வாசல் பக்கம் நகர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் நிதானமாக விலங்கை மாட்டினார்.

"குரலை நிறுத்தறதுதான் நோக்கம்னா, தொண்டையைச் சரியா விசாரிச்சிருக்க வேணாமா சார்?"