மீன் இல்லை என்றால் இல்லை

நிதுசனுக்கு மறதி என்பதே கிடையாது. இத்தாலியில், பலெர்மோ நகரின் தமிழ்ப் பாடசாலையில் நடக்கும் பேச்சுப்போட்டிகளில் எல்லாம் அவனுக்குத்தான் முதற்பரிசு. அப்பா எழுதிக் கொடுப்பார், அவன் பாடமாக்குவான். எந்த வரியில் விரலை உயர்த்த வேண்டும் என்பதும் பாடம்தான்.

அதனால் அவனுடைய உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிய மொழிப் பரீட்சை என்றதும் வீட்டில் யாரும் கலங்கவில்லை. கொடுத்த தலைப்புகளில் ஒன்றை ஆசிரியை முன்னால் நின்று ஒப்புவிக்க வேண்டும். நிதுசன் எல்லாத் தலைப்புகளையும் பாடமாக்கி முடித்திருந்தான்.

தேறுபவர்களை ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு ஸ்பானியக் குடும்பத்தோடு தங்கலாம். அப்பா இல்லாமல் அவன் போகப்போகும் முதல் பயணம் அது. அப்பாவோ கனடாவில் இருக்கும் சித்தி வரைக்கும் செய்தியைச் சொல்லிவிட்டார்.

பிறகு பள்ளிக்கூடம் பரீட்சையை மாற்றிவிட்டது.

"இனி ஒப்புவிக்கிறேல்லையாம்," என்றான் நிதுசன், முதுகுப் பையைக் கழற்றாமலே. "ரெண்டு பேர் கதைக்கவேணுமாம். ஆரோட, என்ன கதை எண்டு அங்கை போனாப் பிறகுதான் தெரியுமாம். இந்தா, மாதிரிக்கு ஒண்டு தந்தவை."

அப்பா விக்னராஜா, வியா மக்வேதா தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர். எதற்கும் பதற மாட்டார். கடதாசியை வாங்கிப் பார்த்தார். ஓர் உணவகத்தில் நடக்கும் உரையாடல்.

"இதென்ன பெரிய விசயம்? ரெண்டு பேர் கதைச்சால் ரெண்டு பேரின்ர கதையையும் பாடமாக்கு."

"மற்ற ஆளுக்கு எங்கை அப்பா போறது?"

"தர்சனா இருக்கிறாளெல்லோ!"

தர்சனா நிதுசனின் தங்கை. பதினொரு வயது. அவளும் இந்த வருடம்தான் பள்ளியில் ஸ்பானியம் படிக்கத் தொடங்கியிருந்தாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கடதாசியைக் கையில் கொடுத்து, "நீ சாப்பாடு பரிமாறுற ஆள்," என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து பிரான்காச்சோ பகுதியில், அவர்களின் மூன்றாம் மாடி வீட்டில், தினமும் மாலையில் உணவகம் திறந்தது. தர்சனா, "என்ன வேண்டும்?" என்பாள். நிதுசன், "மீன்" என்பான். "நல்லது ஐயா," என்பாள். அவன் நன்றி சொல்வான்.

"நன்றியில கையைக் கொஞ்சம் விரி தம்பி," என்பார் அப்பா.

ஒரு வெள்ளிக்கிழமை நிதுசன் வழக்கம்போல மீன் கேட்டான்.

"நோ ஆய்," என்றாள் தர்சனா. இல்லை என்று அர்த்தம்.

நிதுசன் விழித்தான். பிறகு கையை விரித்து நன்றி சொன்னான்.

"எதுக்கு நன்றி? மீன் முடிஞ்சுது."

"பிள்ளை, கடதாசியில மீன் இருக்கு," என்றார் அப்பா.

"கடதாசியில இருக்கு. கடையில இல்லை."

"தர்சனா!"

"உங்கட கடையில மீன் முடியிறேல்லையோ அப்பா?"

"முடியும். அது கடை. இது சோதினை!"

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மா குகனேஸ்வரி எட்டிப் பார்த்தார். "கொஞ்சமும் மிச்சமில்லையோடி?"

"முள்ளும் இல்லை அம்மா."

அப்பா எழுந்தார். "மீன் இருக்கெண்டு சொல்லுமட்டும் உனக்கு ஃபோன் இல்லை."

தர்சனா ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்கோ. மீன் இல்லை."

சனிக்கிழமையும் மீன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா குரலைத் தணித்துக் கேட்டுப் பார்த்தார். அன்று கடையே பூட்டு என்றாள்.

நிதுசன் அவளைப் பல்கனியில் பிடித்தான்.

"நான் வலென்சியா போறது உனக்குப் பிடிக்கேல்லை. அதுதானே?"

"உனக்கென்ன விசரே? நீ போனால் ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு. நீ கட்டாயம் போகவேணும்."

"பிறகேன் இப்பிடிச் செய்யிறாய்?"

"சோதினையில வாற ஆள் மீன் இல்லை எண்டால் என்ன செய்வாய்?"



"தெரியாது," என்றான் நிதுசன், கீழே போகும் பஸ்ஸைப் பார்த்தபடி. "பாடமாக்கினது முடிஞ்சால் தலைக்குள்ள ஒண்டுமே இல்லை, தர்சனா. எனக்குப் பயமாக் கிடக்கு."

பேச்சுப்போட்டி வீரன் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. கேலி செய்ய அருமையான சந்தர்ப்பம். அவள் செய்யவில்லை.

"பசிக்குது. மீன் இல்லை. வேற என்னவும் கேளன்."

"பிழை விட்டால்?"

"பிழையாக் கேள். நான் பிழையாத் தாறன்."

அடுத்த நாள் முதல் அந்த வீட்டில் உலகத்திலேயே மோசமான உணவகம் நடந்தது. தர்சனாவுக்குத் தெரிந்த ஸ்பானியம் கொஞ்சம். அதில் பாதி 'இல்லை', மீதி 'முடியாது'. அது தாராளமாகப் போதுமாக இருந்தது. சூப் கேட்டால் கோப்பை இல்லை. கோப்பை கேட்டால் கரண்டி இல்லை. பிறகு அவள் பயணச்சீட்டு விற்றாள், அதாவது விற்க மறுத்தாள். நிதுசன் முதலில் திக்கினான். பிறகு கெஞ்சினான். மூன்றாம் நாள் அவனுக்குக் கோபம் வந்தது.

அன்று அவள் விடுதிக்காரி, அகராதியும் கையுமாக. "உங்கள் அறையை ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டோம்," என்றாள்.

"அது என் நாய்!" என்று ஸ்பானிய மொழியில் கத்தினான் நிதுசன். "என் நாயின் அறை என் அறை! சாவியைக் கொடு!"

"நாய் தூங்குகிறது!"

"எழுப்பு! என் குரல் அதற்குத் தெரியும்!"

அப்பா கடதாசிகளை அவசரமாகப் புரட்டினார். "இது எந்தப் பக்கம்?"

"பக்கமே இல்லை அப்பா," என்றான் நிதுசன். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது புரிந்தது.

அப்பா கடதாசிகளை மடித்து வைத்தார். தர்சனாவின் ஃபோனை எடுத்து நீட்டினார்.

"நான் இன்னும் மீன் இருக்கெண்டு சொல்லேல்லை," என்றாள் அவள்.

"தெரியும். பிடி."

பரீட்சை நாளில் நிதுசனுக்குச் சோடியாக வந்தவள் கியாரா. வகுப்பிலேயே மிக நன்றாகப் படிப்பவள். ரயில் நிலையத்தில் அவனுடைய பை தொலைந்துவிட்டது, அவள் அங்கே அதிகாரி. இதுதான் கதை. கியாராவுக்குப் பயத்தில் எல்லாமே மறந்துபோனது. வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: "இல்லை."

வேறு யாராவது என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நிதுசனுக்கு வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

"இல்லையா? அப்படியென்றால் உங்கள் மேசைக்கு அடியில் இருப்பது என்ன?" என்றான். "பச்சையா? பெரிதா? உள்ளே மணக்கிறதா? ஐயோ, அது என் காலுறைதான்!"

கியாரா சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவளுக்குச் சொற்கள் திரும்பி வந்தன. காலுறைக்கு அபராதம் கேட்டாள். அவன் மறுத்தான். நிறுத்தச் சொல்லி ஆசிரியை மேசையைத் தட்டியது இருவருக்கும் கேட்கவில்லை.

இருவரும் தேறினார்கள்.

அன்று மாலை அப்பா கதவடியிலேயே காத்திருந்தார். "என்ன கதைச்சனி? ஒருக்காத் திருப்பிச் சொல்லு பாப்பம். சித்திக்குப் பதிஞ்சு அனுப்பவேணும்."

நிதுசன் வாயைத் திறந்தான். மூடினான். தலையைச் சொறிந்தான்.

"மறந்துபோச்சு அப்பா."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அப்பா அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "கெட்டிக்காரன்!" என்றார்.

அந்த நேரம் தர்சனா உள்ளே ஜன்னல் பக்கக் கட்டிலில் தன் தலையணையை வைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.