படியில்லாத வழி

வெனிஸ் நகரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. அவர்கள் கண்ணுக்குப் பாலம் தெரியாது.

ஊரெல்லாம் பாலம்தான். பள்ளிக்கூடம் போக ஒரு பாலம், ரொட்டிக் கடைக்குப் போக ஒரு பாலம், எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போட வேண்டுமென்றால்கூட ஒரு பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஏறி இறங்குகிறவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. யாராவது மூச்சை எண்ணுவார்களா?

பத்து வயது ஓர்சோலாவும் எண்ணியதில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

ஓர்சோலாவின் சித்தி தொரீனா தொலைவில் ஒரு மலையூரில் இருந்தாள். பாலாடைக்கட்டி செய்யும் கூடத்தில் வேலை. மாடுகளுக்கு விடுமுறை தெரியாது என்பதால் சித்திக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. அவள் மகன் துல்லியோவுக்கும் பத்து வயது. அவன் பனியைப் பார்த்திருக்கிறான், ஓநாயின் கால்தடத்தைப் பார்த்திருக்கிறான். ஆனால் படகு ஒன்றை நேரில் பார்த்ததே இல்லை.

மூன்று வருடமாக சித்தி "இந்த வசந்தத்துல வெனிஸுக்கு வர்றோம்" என்று சொல்வாள். பிறகு செலவை யோசித்துப் பார்ப்பாள். "அடுத்த வசந்தத்துல பாக்கலாம்" என்று முடித்துவிடுவாள்.

இந்த வருடம் திட்டம் போடும் வேலையை ஓர்சோலாவே எடுத்துக்கொண்டாள். அதிகாலை ரயிலில் வந்தால் டிக்கெட் பாதி விலை. திருப்பிக் கொடுத்தால் பணம் வராது, அவ்வளவுதான். காலையில் வந்து இரவில் திரும்பினால் அறை வாடகை இல்லை. சாப்பாடு ஓர்சோலா வீட்டில். ஊர் சுற்றுவதோ நடந்தே. காலுக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்க இருந்த சமயம் பார்த்து துல்லியோ வைக்கோல் பரணிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான்.

முழங்கால் வரை மாவுக்கட்டு. இரண்டு கையிலும் ஊன்றுகோல். சமதரையில் மெல்ல நடக்கலாம், படி மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சித்தி போன் செய்தாள். ஓர்சோலாவின் அம்மா புரூனா ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போயிருந்தாள். ஓர்சோலாதான் எடுத்தாள்.

"ஏன்டி, உங்க ஊர்ல நடக்குற வழியில படி ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு படிகூட இல்ல சித்தி. ஊரே தண்ணிக்குப் பக்கத்துல தட்டையாத்தானே கெடக்கு. தைரியமா வாங்க."

அவள் பொய் சொல்லவில்லை, பாவம். கண்ணை மூடி வழியை நினைத்துப் பார்த்தாள். கடைகள் தெரிந்தன, கிணற்றடி தெரிந்தது, பூனை தூங்கும் ஜன்னல் தெரிந்தது. படி எதுவும் தெரியவில்லை.

சித்தி அன்று மாலையே டிக்கெட் வாங்கிவிட்டாள்.

மறுநாள் ஓர்சோலாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஊன்றுகோலோடு வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நடந்து பார்ப்பதுதான். பள்ளி விட்டதும் ரயில் நிலையத்துக்குப் போனாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு சமையல் கரண்டிகளை முழங்காலின் இரண்டு பக்கமும் வைத்துச் சால்வையால் இறுக்கிக் கட்டினாள். கால் மடங்கவில்லை. பழைய குடையை ஊன்றிக்கொண்டு தத்தித் தத்திப் புறப்பட்டாள்.

கடைத்தெரு வரை நன்றாகத்தான் இருந்தது. வழியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தெரு முடிந்த இடத்தில் சட்டென்று நின்றாள்.

எதிரே படிகள். மேலே போகும் படிகள், அப்புறம் கீழே இறங்கும் படிகள். கல்லில் கட்டிய பெரிய பாலம், நானூறு வருடமாக அங்கேயேதான் நிற்கிறது. ஓர்சோலாவோ அதை நேற்று ராத்திரி யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி பார்த்தாள்.

அதைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிட்டது. தாண்டினால் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆறு பாலம். கடைசிப் பாலத்தைக் குழந்தை மாதிரி உட்கார்ந்தே இறங்கினாள். அதோடு விட்டதா? அவள் வீடு மூன்றாவது மாடி. அதையும் அவள் யோசிக்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாயக் குடுத்து மாட்டிக்கிட்டியா? இப்பவே போன் பண்ணு. நீ சொன்னத நீயேதான் மாத்திச் சொல்லணும்."

ஓர்சோலா தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.  சித்தி, போனால் போகிறது, டிக்கெட் காசு மாட்டுத் தீவனத்துக்குப் போச்சு என்று நினைத்துக்கொள்கிறேன் என்றாள்.  அதற்குள் துல்லியோ போனைப் பிடுங்கிவிட்டான்.

"பரவால்ல ஓர்சா, நாங்க வர்றோம். நான் ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்துக்கறேன். அங்கேருந்து பாத்தா படகு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அது போதும்."

அந்தப் 'போதும்' ஓர்சோலாவை மீன்முள் மாதிரி உறுத்தியது. மூன்று வருடம் காத்திருந்தவன் ஒருநாள் முழுக்க ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவதா? அதுவும் அவள் பேச்சை நம்பி வந்து?

பேருந்துப் படகில் கூட்டிப் போகலாமா என்று பார்த்தாள். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு ஒரு விலை. வெளியூர் விலையைக் கேட்டால் சித்தி அடுத்த ரயிலிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவாள். சுற்றுலாக்காரர்கள் ஏறும் கறுப்புக் கொண்டோலாப் படகைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் பணத்துக்கு மலையூரில் ஒரு கன்றுக்குட்டியே வாங்கலாம்.

சனிக்கிழமை ஓர்சோலா வழக்கம்போலப் படகுச் சங்கத்துக்குப் போனாள். வாரம் ஒருமுறை அங்கே பிள்ளைகளுக்கு நின்றபடியே துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பார்கள். மனசு வேலையில் இல்லை. அவள் படகு ஒரு சிறிய பாலத்துக்கு அடியில் போனபோது சும்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஈரக்கல்லில் வெயில் நெளிந்துகொண்டிருந்தது.

படிகள் எல்லாம் பாலத்துக்கு மேலே இருந்தன. கீழே ஒன்றுகூட இல்லை.

துடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். பின்னால் வந்த படகு டங்கென்று இடித்தது. வசவு விழுந்தது. அதுவும் அவள் காதில் விழவில்லை.

சங்கத்தில் படகுகளுக்கெல்லாம் பொறுப்பு ஃபோஸ்கா அத்தை. குரல் பெரிசு, மனசும் பெரிசு, ஆனால் முதலில் குரல்தான் வெளியே வரும். உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமையில் படகை இலவசமாக எடுத்துப் போகலாம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், கழுவித் திருப்பித் தர வேண்டும். ஓர்சோலா நடந்ததைச் சொல்லிக் கேட்டாள்.

நல்ல படகெல்லாம் பந்தயப் பயிற்சிக்குப் போகிறதே என்று ஃபோஸ்கா அத்தை உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கொட்டகையின் மூலையைக் காட்டினாள்.

"அந்தக் கெழவிதான் மிச்சம். குளிர்காலம் பூரா வெளியவே எடுக்கல. காஞ்சு போய் பலகைக்குப் பலகை இடைவெளி. தண்ணில போட்டா சல்லடை மாதிரி ஒழுகும்."

"சரி பண்ண முடியாதா அத்தை?"

"தண்ணிலயே போட்டு வெக்கணும். மரம் தண்ணியக் குடிச்சு உப்பி, தானா அடைச்சுக்கும். ஆனா அதுவரைக்கும் உள்ள வர்ற தண்ணிய தெனமும் யாராச்சும் இறைக்கணும். ஒருநாள் ஏமாந்தா அடியில போயிடும். நீ இறைப்பியா?"

"இறைக்கறேன்."

அடுத்த ஞாயிறு ரயில். இடையில் ஒரே ஒரு வாரம்.

முதல் நாள் படகு கழுத்தளவு தண்ணீரில் எருமை மாதிரி கிடந்தது. ஓர்சோலா படகில் தண்ணீர் இறைப்பதற்கென்றே இருந்த அகலமான மரக் கரண்டியால் கோரிக் கோரி ஊற்றினாள். ஊற்ற ஊற்ற உள்ளே வந்தது. சங்கத்துப் பையன்கள் கரையில் உட்கார்ந்து, கடலையே இறைத்து முடிக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை தண்ணீர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கை கொப்பளித்திருந்தது. வெள்ளிக்கிழமை கேலி செய்த பையன்களில் ஒருவன் இறங்கி வந்து இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஃபோஸ்கா அத்தை படகுக்குள் குனிந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மோசமில்ல. ஆனா இன்னும் ஒரு எடத்துல கசியுது. துடுப்புப் போடுறவங்க அத கவனிக்க முடியாது. வேற வேலை இல்லாம உக்காந்த எடத்துல உக்காந்து தண்ணி இறைக்க ஒரு ஆள் வேணும். அப்படி ஒரு ஆள் இருந்தா எடுத்துட்டுப் போ."

ஓர்சோலாவின் முகம் மலர்ந்தது. "எந்திரிக்கவே முடியாத ஆள் ஒருத்தன் இருக்கான் அத்தை."

ஞாயிறு காலை ஓர்சோலா படகின் முன்னாலும் அம்மா பின்னாலும் நின்று துடுப்புப் போட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த படித்துறைக்கு வந்தார்கள். அம்மா துடுப்பைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. முதல் பத்து நிமிடம் முனகினாள், அதற்கப்புறம் பாட ஆரம்பித்துவிட்டாள்.

துல்லியோ சரிவுப் பாதை வழியாக ஊன்றுகோலில் வந்துகொண்டிருந்தான். பின்னால் சித்தி, முதுகில் ஒரு பெரிய பாலாடைக்கட்டியைச் சுமந்துகொண்டு. படகைப் பார்த்ததும் துல்லியோ ஊன்றுகோலை வேகவேகமாக ஊன்றினான்.  சித்தி தண்ணீர் ஓரம் வரை போய்ப் பார்த்தாள். அவள் முகம் தொங்கிப்போயிற்று. படகு கீழே நின்றது. நடுவில் நாலைந்து படி, எல்லாம் பச்சைப் பாசி.

"இதுல நானே வழுக்கி விழுவேன். இவன் எப்படிடி எறங்குவான்?"

ஓர்சோலா இந்தத் தடவை அவசரப்படவில்லை. கடலோடு சேர்ந்து கால்வாய்த் தண்ணீர் ஏறி வடியும் நேரத்தை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தாள்.

"அவன் எறங்க வேணாம் சித்தி. கொஞ்ச நேரம் உக்காருங்க. தண்ணி மேல வரும்."

உட்கார்ந்தார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். ஒரு பச்சைப் படி மறைந்தது. இன்னொன்று மறைந்தது. படகு தன்பாட்டுக்கு மெல்ல மெல்ல உயர்ந்து வந்தது. கடைசியில் காய்ந்த வெள்ளைக் கல்லுக்குச் சமமாக வந்து, இடிக்காமல் நின்றது. துல்லியோ உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாவுக்கட்டு நனையாமலிருக்கக் காலைக் குப்பைப் பைக்குள் விட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து உள்ளே போனான்.

உடனே அவன் கையில் மரக் கரண்டியைக் கொடுத்தாள் ஓர்சோலா.

"சும்மா வந்தேன்னு நெனைக்காத. நீ இறைக்கலன்னா நாம முழுகிருவோம்."

துல்லியோவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை. விருந்தாளியாக வந்தவன் படகின் ஆளாகிவிட்டான். குப்பை அள்ளும் படகைப் பார்த்தான், ஆம்புலன்ஸ் படகைப் பார்த்தான், படகுகளுக்கென்றே இருந்த போக்குவரத்து விளக்கைப் பார்த்துச் சிரித்தான். நடுநடுவே "கசியுது, கசியுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு தண்ணீரைக் கோரி ஊற்றினான். மதியம் ஒரு கம்பத்தில் படகைக் கட்டி, அம்மா வெங்காயத்தில் ஊறவைத்துக் கொண்டுவந்த மத்தி மீனைச் சாப்பிட்டார்கள். சித்தி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு குறுகலான கால்வாய் வந்தது. முன்னால் மூலை திரும்பியது, அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. மூலைக்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும், அதுதான் படகுக்காரர் வழக்கம். கூப்பிடுடா என்று ஓர்சோலா அவனிடம் சொன்னாள்.

மாடுகளை மலைமேலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். துல்லியோ வயிற்றிலிருந்து கத்தினான்.

"ஓ...வே!"

சுவர்கள் எதிரொலித்தன. ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து உட்கார்ந்தது. மூலைக்கு அந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வந்த கொண்டோலா ஒன்று ஒதுங்கி நின்று, அவர்களுக்கு வழி விட்டது. கொண்டோலாக்காரர் தொப்பியைத் தொட்டு, நல்ல தொண்டை என்றார். துல்லியோவின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

எதிரே ஒரு பாலம் வந்தது. மேலே ஒரு ஆள் கனத்த பெட்டியைப் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினார். படகு சத்தமில்லாமல் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஓர்சோலா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அது பதினேழாவது பாலம்.

துல்லியோ தண்ணீரைக் கோரி வெளியே ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்த்தான்.

"நீ சொன்னது சரிதான் ஓர்சா. வழியில ஒரு படிகூட இல்ல."