இடது இருக்கையின் ஈரம்

காரின் இடது பக்கக் கால்மிதி மறுபடியும் நனைந்திருந்தது. பியாட்ரிஸ் குனிந்து தொட்டாள். விரலில் பச்சையாக ஒட்டியது; புளித்த சர்க்கரைப் பாகு போல நாறியது.

"ரேடியேட்டர் கோசோங்லா அக்கா, சொட்டுத் தண்ணி இல்ல," என்றான் தைப்பிங்கில் கார் பட்டறை வைத்திருக்கும் பத்துமலை. "ஹீட்டர் ஒழுகினா ரேடியேட்டர் தண்ணி இப்படித்தான் உள்ளுக்கு ஊத்தும். ஆனா இதுல ஹீட்டரே இல்லையே. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குன்னு லூயிஸ் அண்ணே அப்பவே கழட்டச் சொல்லிட்டாரு. பேசாம வித்துடுங்க."

விற்க மனம் வரவில்லை. கணவர் லூயிஸ் இறந்த பிறகு வீட்டில் அவளோடு பேசுவது ரேடியோ மட்டும்தான். அவர் வாசம் மிச்சமிருந்தது இந்தக் காரில். தண்ணீர் நிரப்பிக்கொண்டு கோலா கங்சார் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பழைய தோட்டத்துச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் கிறீச்சிட, அந்தி வெளிச்சம் மட்டைகளுக்குள் வடிய, ஆளற்ற தொழிலாளர் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர, சூடு காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்புக்கு ஏறியது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று லூயிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

வெறுமனே மிஞ்சியிருந்த ஹீட்டர் திருகு தானாகச் சிவப்புப் பக்கம் திரும்பியது.

இடது துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. இடது கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு வாயளவு ஆவி படர்ந்து மறைந்தது.

"நீங்களாங்க?"

பயத்தைவிடச் சந்தோஷம்தான் முந்தியது. பேயோ பிசாசோ, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதைவிட மேல்.

"தனியா இருக்க முடியலங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

ஆவி வேகமாகப் படர்ந்தது.

தொடப் போன கை பாதியில் நின்றது. வாங்கிய நாள் முதல் இந்தக் காரை ஓட்டியவர் லூயிஸ். இடது பக்கம் அவளுடைய இடம். அவர் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

மழை ஓய்ந்தது. மூச்சுச் சத்தம் மட்டும்.

அவளுடையது அல்ல.

கதவுப் பூட்டுகள் இறங்கின. இடது சீட் பெல்ட் அசைந்தது. இழுபட்டது. யாருமில்லாத இருக்கைக்குக் குறுக்கே வந்தது.

டிக்.

பெல்ட் சீட்டில் படியவில்லை. வெறும் காற்றின் மேல் உப்பி நின்று, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.