தொட்டிக்குள் ஓர் இழை

கடலில்லாத ஊரில் கூடத்துக்குள் கடல் வைத்துக்கொள்ள ஒரு திமிர் வேண்டும். அது செத்ததும் போலீசைக் கூப்பிட இன்னும் பெரிய திமிர் வேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டர் சங்கீதா இதை வெளியே சொல்லவில்லை. கூப்பிட்டதும் வந்து நின்றதற்காகத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். பூப்போல விரியும் கடலுயிரான கடற்சாமந்தி சளியாகக் கரைந்து கிடந்தது. நத்தைகளும் இறால்களும் செத்திருந்தன. சாமந்திக்குள் குடியிருந்த கோமாளி மீன்கள் இரண்டு மட்டும், ஒதுங்க இடமில்லாமல், மூலையில் நீந்தின. பாறையிடுக்கில் ஏதோ தங்க நிறத்தில் மினுங்கியது.

"இவதாம்மா ஃபினாயில் ஊத்திட்டா," என்றார் பட்டுக்கடை மயில்வாகனம். "நேத்து திட்டுனேன், அந்தக் கோவம். உள்ள தள்ளு."

வீட்டு வேலை செய்யும் ஷாரோன் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். "தொட்டிகிட்டயே போவ உடமாட்டாரு மேடம். கேஸ் ஆச்சுன்னா எனக்கு எந்த வீட்லயும் வேலை தரமாட்டாங்க."

"ஃபினாயில் ஊத்துனா மொதல்ல எது சாவும்?" என்று சங்கீதா அவரைக் கேட்டாள்.

"மீனுதான்," என்றார் அவர்.

"அது நீந்திக்கினு இருக்குதே."

"கெட்டி உசுரும்மா."

தொட்டிக்குக் கீழே அலமாரியில் மீன் மருந்துப் புட்டி, முத்திரை உடையாமல் இருந்தது. எச்சரிக்கையைப் படித்தாள்: செம்பு கலந்தது, மீன் தாங்கும், நத்தை, இறால், கடற்சாமந்தி தாங்காது.

"பாறையில மினுக்குறது என்ன?"

"நம்ம ஜரிகை! போன வாரம் விளம்பரத்துக்கு மீனைச் சுத்தி ஜரிகை உட்டு வீடியோ எடுத்தோம். கொஞ்சம் சிக்கிக்கிச்சு. சுத்த வெள்ளி, தங்க முலாம்."

கையை விட்டு உருவினாள். பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். அசல் ஜரிகைக்குள் சிவப்புப் பட்டு நூல் ஓடும் என்பது தறி வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியும். இதற்குள் இருந்தது வெள்ளை நைலான்.

"யாரும் எதையும் ஊத்தல. போட்டது நீங்க. இது வெள்ளி இல்ல, செம்பு. உப்புத் தண்ணில கரைஞ்சிருக்குது. நத்தைக்குத் தெரிஞ்சுது, உங்ககிட்ட பொடவை வாங்குறவங்களுக்குத்தான் தெரியல."

மயில்வாகனம் மீன்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

"கம்ப்ளைன்ட் வாணாம். இவளும் போவட்டும். அந்த நூலை மட்டும் குடுத்துடும்மா. நீயும் நம்ம தறிக்காரப் பொண்ணுதானே?"

ஜரிகையையும் அவர் 'நம்ம' என்றுதான் சொன்னார். இழையைக் கைக்குட்டையில் மடித்தாள். ஷாரோனைக் கைகொடுத்து எழுப்பினாள்.

"முடியாதுங்க," என்றாள், மெதுவாக.