செம்பில் பதிந்த கட்டைவிரல்

இப்போதெல்லாம் யாரும் காசைப் பார்ப்பதில்லை. காசை அடைத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் வில்லையைப் பார்க்கிறார்கள், அதன் தலையில் ஒட்டிய சீட்டைப் பார்க்கிறார்கள், சீட்டில் தரம் என்று எவனோ அச்சடித்த எண்ணைப் பார்க்கிறார்கள். பிறகு பணத்தைக் கொட்டிக் கொடுத்து, எடுத்துப்போய் வங்கி லாக்கரில் போட்டுவிட்டு, சாகும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. செம்பை வெறுங்கையால் விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஒட்டக முடி பிரஷால் ஒரு தடவு தடவிப் பார்க்கத் தெரிந்த ஆள் இந்த அறையில் மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று ஹார்லன் ஸ்டாஃபர் நினைத்தார். வயது எழுபத்தாறு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாற்பத்தைந்து வருடம் குழாய் வேலை பார்த்தவர். செம்பைப் பற்றி எந்தச் சீட்டும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பால்டிமோர் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை அது. நாளைய ஏலத்துக்கு வரும் காசுகளை இன்று இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு விளக்கு, விளக்கடியில் குனிந்த தலைகள். மதியம் இரண்டு மணி என்று வெளியே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

“நூத்திப் பன்னிரண்டாம் நம்பர் காசு” என்றார்.

காசுகளை எடுத்துத் தரும் அம்மாள் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். வைத்த நொடியில் ஒரு வாடை வந்தது. வினிகர். அதற்கு அடியில் கிராம்பு.

“ஏம்மா, இங்க யாராவது ஊறுகாய் கீறுகாய் சாப்பிட்டீங்களா?”

“தண்ணி பாட்டிலே உள்ள விடமாட்டோம் சார்.”

அவர் வில்லையை மூக்கருகே கொண்டுபோனார். நான்கு பக்கமும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக். அதிலிருந்து வாடை வர வழியே இல்லை. ஆனாலும் அதிலிருந்துதான் வந்தது.

1793. நாட்டின் முதல் செம்பு சென்ட். பின்பக்கம் பதினைந்து வளையம் கோத்த சங்கிலி. அதைச் சுற்றிலும் நாட்டின் பெயர், இடம் போதாமல் ‘அமெரி’ என்று பாதியில் நின்றிருக்கும். முன்பக்கம் கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணின் தலை. அந்தப் பெண்ணின் தாடைக்குக் கீழே, தொண்டையை மூடிக்கொண்டு, பழுப்பாய் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே சாய்வாய் ஒரு கோடு.

ஹார்லன் தன் வலது கட்டைவிரலை மேசைக்குக் கீழே மடக்கிக்கொண்டார். பதினெட்டு வயதில் குழாய் வெட்டும்போது விழுந்த வெட்டு. அதே சாய்வு.

“என்னய்யா பைப்புக்காரா” என்று பின்னாலிருந்து மில்டன் கெர்பர் குரல் கொடுத்தார். பழைய கூட்டாளி, செம்புக்காசுக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற கூட்டத்தில் பக்கத்து நாற்காலி. “எல்வுட் காசுதானே அது? வெர்னாம்மா பீட்ரூட் கையால கெடுத்தது.”

“அதேதான்.” பக்கத்து மேசைகளுக்கும் கேட்கட்டும் என்று ஹார்லன் குரலை உயர்த்தினார். “வினிகர் உள்ள இறங்கிடுச்சு. இனிமேலும் அரிக்கும். வாங்குறவன் தலையில மண்ணுதான்.”

“அப்புறம் நீ எதுக்கு இப்படி மூக்கைத் தேய்க்கிற?”

“செத்தவனுக்கு மரியாதை.”

மில்டன் சிரித்தார். பக்கத்து மேசையில் ஒரு கண்ணாடிக்காரன் தன் பட்டியலில் எதையோ அடித்தான். ஹார்லனுக்கு அது போதும்.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு காசுதான். அப்போது அது எல்வுட் கூன் என்ற கூட்டாளியுடையது. எல்வுட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்து, காசுகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். கையுறை போடுவது செம்புக்காரனுக்கு வெட்கக்கேடு. விளிம்பில் பிடிக்கத் தெரியாதவன் அந்த மேசைக்கு வரவே கூடாது. எல்வுட்டின் மனைவி வெர்னா, பீட்ரூட் சாற்றில் வினிகரும் கிராம்பும் போட்டு ஊறவைத்த சிவப்பு முட்டைகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அப்படி ஒரு நாள் எல்லோரும் முட்டைக்குத் திரும்பியபோது ஹார்லன் நெற்றி வியர்வையைக் கட்டைவிரலில் வழித்து, காசிலிருந்த பெண்ணின் தொண்டையில் வைத்து அழுத்தினார். ஐந்து எண்ணும்வரை. ரேகை விழுந்த காசை வேறு எவனும் துரத்தமாட்டான். ஒருநாள் தன் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கும். அவ்வளவுதான் கணக்கு.

செம்பு உடனே காட்டாது. ஆறு மாதம் கழித்து எழும்பி வந்தது. எல்வுட் பூதக்கண்ணாடியைக்கூடச் சரியாக வைத்துப் பார்க்கவில்லை. பழிபோட அவனுக்கு ஆள் தயாராக இருந்தது. “ஏண்டி, முட்டை தொட்ட கையால காசைத் தொட்டியா?” அன்றிலிருந்து அந்த வீட்டில் வெர்னா வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும். சமைக்கும்போது. சாப்பிடும்போது. மாதக் கூட்டத்தில் முட்டைக் கிண்ணம் வைக்கும்போதும். நுனிகள் சிவப்பாய்ச் சாயமேறிய பத்து விரல்கள். ஆண்கள் சிரித்தார்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு ஹார்லன் ஒரு டஜன் கையுறை வாங்கி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது எல்வுட்.

பதின்மூன்று வருடம் போட்டிருந்தாள். பிறகு செத்துப்போனாள். இந்த இலையுதிர்காலத்தில் எல்வுட்டும் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் ஏலத்தில் மூன்று பேர்தான் அட்டை தூக்கினார்கள். ஐம்பத்தெட்டாயிரம் டாலரில் மற்ற இரண்டு அட்டைகளும் இறங்கிவிட்டன. ரேகை இல்லாவிட்டால் அதைப்போல நாலு மடங்கு போயிருக்கும். குழாய்க்கடைக் கட்டடத்தை விற்ற பணம் போதுமானதாக இருந்தது. சுத்தியல் விழுந்தபோது மில்டன் திரும்பிப் பார்த்து, “நல்ல மரியாதைய்யா” என்றார்.

யார்க் ஊரில் ஹார்லன் தனி ஆள். வீட்டின் பின்பக்கம் பட்டறை. பனி மூடிய கொல்லையிலிருந்து சாம்பல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து மேசையில் கிடக்கும். மறுநாள் மதியம் வில்லையைப் பிடிகருவியில் மாட்டி, கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். பிளாஸ்டிக்கில் காசு வைத்திருப்பதைவிடப் புகைப்படத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. முனகிக்கொண்டே வளைந்து, எலும்பு முறிகிற சத்தத்தோடு அது பிளந்தது. காசு உள்ளங்கையில் விழுந்தது. செம்பு குளிர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். அது கைச்சூட்டில் இருந்தது, அவருக்கு ஒரு நிமிடம் முன்னால் வேறு யாரோ பிடித்துக்கொண்டிருந்ததைப் போல. பட்டறை முழுக்க வினிகரும் கிராம்பும் எழுந்து, அடுப்பு எண்ணெயின் நாற்றத்தையும் மரத்தூளின் நாற்றத்தையும் அமுக்கிக்கொண்டு நின்றது. ஜன்னலைத் திறந்தார். போகவில்லை.

காசைப் பச்சைத் துணியில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனார். திரும்பி வந்தபோது பிடிகருவியின் பக்கத்தில் ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை கிடந்தது.

இப்போதுதான் கழற்றியது போல. விரல்கள் இன்னும் உப்பியபடி, உருவம் குலையாமல். நுனிகளில் சிவப்பு.

அவர் வீட்டில் கையுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. கதவைப் பார்த்தார், உள்ளே தாழ். கொல்லைப் பனியைப் பார்த்தார்; ஒரு தடம் இல்லை. ஏலக்காரர்கள் பெட்டியோடு போட்டு அனுப்பியிருப்பார்கள், வேலையத்தவர்கள், என்று சொல்லிக்கொண்டு இடுக்கியால் தூக்கி அடுப்பில் போட்டார். பருத்தி எரிகிற வாடை வரவில்லை. முட்டை வேகிற வாடை வந்தது.

பிறகு விளக்கைப் போட்டுக் காசின் மேல் குனிந்தார்.

ரேகை இல்லை.

தொண்டை சுத்தமாக இருந்தது. இளஞ்சாக்லேட் நிறத்தில், இருநூறு வருடத்துத் தோல், ஒரு கறை இல்லாமல். முதலில் மாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அவர் யாரையும் நம்பி வாழ்ந்தவரில்லை. திருப்பினார். மூன்றாவது வளையத்துக்கு மேலே விளிம்பில் ஊசிமுனையளவு அந்தப் பழைய நசுக்கல். அதே காசு. செம்பில் இறங்கிய ரேகை போகாது. தேய்த்தாலும் போகாது, போனால் தோலோடு போகும். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் கை மேசையில் தாளம் போட்டது. நாலு மடங்கு. மில்டனுக்குப் போன் செய்தார்.

“போயிடுச்சுய்யா. பளிச்சுன்னு இருக்கு.”

“எது போயிடுச்சு?”

“ரேகை.”

“செம்புலேர்ந்து போகுமா ஹார்லன்? போனா அது எங்க போகும்?”

“உனக்குப் பொறாமை” என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை சவரம் செய்யும்போது நுரைக்கு அடியில் பார்த்தார். தாடைக்குக் கீழே, தொண்டையின் இடது பக்கம், வெளிர்ப் பழுப்பாய் ஒரு புள்ளி. தேநீர் சிந்தியது போல. துணியால் துடைத்தார். சோப்பு போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார்.

சிறிய கட்டைவிரல். பெண் விரல். வட்டம் வட்டமாய் ரேகை. தழும்பு இல்லை.

அப்போதுதான் வெர்னா கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. இந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அதை நினைத்ததில்லை. எல்வுட் வெளியே டாக்டரோடு நின்றிருந்தான். வெர்னா கட்டிலில் படுத்தபடி கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். உள்ளே இருந்த கைகள் வெயிலே படாமல், உரித்த முட்டை போல வெளுத்திருந்தன.

“ஹார்லன், கொஞ்சம் குனிங்க. நானும் அந்த ரேகையைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். என் விரல்ல தழும்பு கிடையாது.”

“எல்வுட்கிட்ட சொன்னியா?” அவர் கேட்டது அது ஒன்றுதான்.

“சொன்னேன். கிளவுஸை மாட்டுடின்னார்.”

பிறகு இரண்டு கைகளையும் தூக்கி அவர் கழுத்தில் வைத்தாள். பலமே இல்லை. எடை பார்ப்பது போல. ஐந்து எண்ணும் நேரம் இருக்கும்.

“தொட்ட உடனே தெரியாது, மெதுவாத்தான் எழும்பும்னு நீங்க எல்லாரும் பேசிக்குவீங்களே. பாக்கலாம்.”

அவர் வாசலுக்கு வருவதற்குள் அதை மறந்திருந்தார்.

மறுநாள் காலை வலது பக்கமும் ஒன்று. மதியத்துக்குள் காதுகளுக்குக் கீழே நான்கு நான்காக. அவற்றின் நுனிகள் பிடரியில், கண்ணாடியில் தெரியாது. தொட்டால் தெரிந்தது. எட்டு இடம். குளிர்ந்து.

மூன்றாம் நாள் பழுப்பு கறுத்தது. நான்காம் நாள் ஓரங்களில் பச்சை. பழைய குழாயில் ஏறுமே, அந்தப் பச்சை. களிம்பு. நகத்தால் சுரண்டினார். தூளாக உதிர்ந்தது. அடியில் தோல் இல்லை.

அன்று மதியம் மாதக் கூட்டம். காசை எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். மஃப்ளரைச் சுற்றினார். கண்ணாடி முன்னால் நின்றார்.

வினிகர். கிராம்பு.

எச்சில் விழுங்கினார்.

மஃப்ளருக்கு மேலே தெரிந்த இரண்டு கட்டைவிரல் அச்சுகளும் தொண்டையோடு ஏறின. தொண்டை இறங்கியது. அச்சுகள் இறங்கவில்லை. ஒரு நொடி மேலேயே நின்றன. பிறகு மெதுவாக நகர்ந்து, பழைய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, முன்பைவிட ஆழமாக உட்கார்ந்தன. சுற்றிலும் சதை வெளுத்தது.

“கிழட்டுத் தோல்” என்றார் ஹார்லன். குரல் பாதிதான் வந்தது. “புள்ளி விழத்தான் செய்யும்.”

விளக்கை அணைத்தார். காசு சட்டைப்பையில் இருந்தது, சுத்தமாக, சூடாக. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வயசான தோல், வேறென்ன. ஒவ்வொரு அடிக்கும் மஃப்ளருக்குள் பத்து விரல்களும், ஒன்று விடாமல், பிடியைச் சரிசெய்துகொண்டு கூடவே வந்தன.