ஐதர் காலத்து ஓலை

"என் தம்பி எதையும் திருடலைங்க ஐயா. அந்த ஓலையே பொய்யின்னு சொல்றவன், அதை எடுத்து என்ன பண்ணப் போறான்?"

1971ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். பிள்ளையார்பாளையத்தில் காசிநாதன் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே இதைச் சொன்னார் லோகாம்பாள். ஐயம்பேட்டைக்கு அப்பால் பாலாற்றங்கரைக் குடியிருப்பைச் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியை அவர். காசிநாதன் முப்பது ஆண்டுகள் பழைய ஓலைகளைப் படித்துப் பெயர்த்தெழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் எதிர்வீட்டுக் கண்ணாயிரம். பட்டுச்சேலையில் பூவேலை விழுவதற்காகத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பவர். துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்.

"உட்காருங்க டீச்சரம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் காசிநாதன்.

பெரிய நிலக்காரரான கலியாணசுந்தரம் பாலாற்றங்கரை வரலாறு என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் பாதி அவருடைய முன்னோர்களின் வீரம். மீதிப் பாதி அவருடைய புகைப்படங்கள். நடுவே ஓர் ஓலையின் படம். இருநூறு வருடங்களுக்கு முன் ஐதர் அலி சண்டையின்போது ஆற்றங்கரைக் குடிகள் எதிரிக் குதிரைப்படைக்கு வழிகாட்டி, ஊர்க் களஞ்சியத்தைக் கொளுத்தினார்களாம். அதனால் அவர்கள் குடியிருக்கும் மண் கலியாணசுந்தரத்தின் வம்சத்துக்கே சொந்தமாம். அதைக் காட்டி நாற்பது வீடுகளையும் காலி செய்யச் சொல்லித் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவரு வூட்டுல புஸ்தக வெளியீடு. தம்பி தர்மன் போய் எழுந்து நின்னு, இது பொய்யின்னு சொன்னான். பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்க. வெளியே வுட்டுட்டுப் போன செருப்பக் காணோம். வெறுங்காலோட வந்தான். வியாழக்கிழமை தாசில்தார் சொல்லி மெட்ராஸ்லேர்ந்து ஓலையைப் பரிசோதிக்க ஆள் வர்றதா இருந்துது. புதன்கிழமை சாயங்காலமே ஓலை திருடு போயிட்டுதாம். அவரு வூட்டுப் பின்பக்க ஜன்னலுக்குக் கீழ தம்பியோட செருப்பு கெடந்துதாம். அவனை ஸ்டேஷன்ல வெச்சிக்கினு இருக்காங்க."

லோகாம்பாள் கொண்டுவந்திருந்த புத்தகத்தைக் காசிநாதன் விரித்து நீட்டினார். "படத்துல இருக்கறதைப் படிங்க."

லோகாம்பாள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மளமளவென்று படித்தார்.

"எங்கேயும் தடுக்கலையா?"

"தடுக்க என்ன இருக்குது? எங்க நாலாம் வகுப்புப் பசங்களே படிச்சிடுவாங்க."

காசிநாதன் எழுந்து சட்டையை மாட்டினார். "வா கண்ணாயிரம். அந்தச் செருப்பைப் பார்த்துட்டு வரலாம்."

அன்று மாலை கலியாணசுந்தரத்தின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அர்ஜுனன் தர்மனை அழைத்து வந்திருந்தார். சுவரில் கலியாணசுந்தரம் யார் யாரிடமோ மாலை வாங்கும் படங்கள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். லோகாம்பாளை உட்காரச் சொல்லவில்லை. காசிநாதன் தமக்குப் போட்ட நாற்காலியை லோகாம்பாளிடம் நகர்த்திவிட்டு நின்றுகொண்டார்.

"புதன்கிழமை சாயங்காலம் நல்ல மழை, இல்லையா சார்?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஜன்னல் கீழே கணுக்கால் அளவு சேறு."

"செருப்பை நாங்க ஸ்டேஷன்ல பார்த்தோம். மேல் வார்ல சேறு அப்பியிருக்கு. அடியில துளி சேறு இல்லை. அதைப் போட்டுக்கிட்டு யாரும் அந்தச் சேத்துல நடக்கலை. யாரோ ஜன்னல்லேர்ந்து கவுத்துப் போட்டிருக்காங்க."

"அட, கவனிக்காம வுட்டுட்டனே!" என்று தொடையில் தட்டினார் கண்ணாயிரம்.

கலியாணசுந்தரம் உதட்டைச் சுழித்தார். "செருப்பு ஆராய்ச்சிதான் உமக்குத் தெரியும் போலிருக்கு. நான் எழுதறது வரலாறு."

"அதுக்கும் வர்றேன். ஓலையில இருக்கற சேதி முந்நூறு புத்தகத்துல அச்சாகிடுச்சு. அதைத் திருடி தர்மனுக்கு என்ன லாபம்? பரிசோதிக்க வர்றவர் கையில அது கிடைக்கக் கூடாதுன்னு யாருக்குப் பயம்? ஓலையை எழுதினவருக்குத்தான்." புத்தகத்தைப் பிரித்துக் கலியாணசுந்தரத்தின் மடியில் போட்டார். "மெய்யெழுத்துக்கெல்லாம் வரிசையா புள்ளி வெச்சிருக்கீங்களே! எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை பொத்துக்கும்னு அந்தக் காலத்துல வைக்க மாட்டாங்க. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். அசல் ஓலை ஒண்ணைப் படிக்க எனக்கே ரெண்டு நாள் ஆகும். உங்க ஓலையை நாலாம் வகுப்புப் பசங்க படிப்பாங்களாம்."

கலியாணசுந்தரம் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். காசிநாதன் விடவில்லை.

"எழுத்தாணி வெட்டுப் புதுசுன்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயந்து அசலை அழிச்சீங்க. படமே காட்டிக் கொடுத்துடும்னு புரிய, ஓலையைப் பத்தி ஏதாவது தெரிஞ்சிருக்கணும். நூற்றைம்பது பக்க வரலாறு! ஒரு பக்கத்துக்காவது எதையாவது படிச்சிருக்கலாம்."

"எங்கே அந்த ஓலை?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இதுவரை இல்லாத அதட்டல் அந்தக் குரலில் இருந்தது.

"வெந்நீர் அடுப்புல போட்டேன்." கலியாணசுந்தரம் ஒப்புக்கொண்டார். பிறகு சட்டென்று லோகாம்பாள் பக்கம் திரும்பினார். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "இத பாரும்மா, கேஸ் கீஸ் வேணாம். மனுவை வாபஸ் வாங்கிடறேன். அடுத்த பதிப்புல மாத்தி எழுதறேன். ஐதர் படையை எதிர்த்து நின்னதே உங்க ஜனங்கதான்னு போட்டுடறேன். உங்க தாத்தனுக்குத் தாத்தன் பெரிய வீரன்னு..."

கண்ணாயிரம் சிரித்துவிட்டார். லோகாம்பாள் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் யாருன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?" அந்தக் கூடத்தில் எல்லோரும் அவருக்குக் கொடுத்த 'நீங்க' காணாமல் போயிருந்தது. "அவரு வீரனாவும் இருக்க வேணாம், திருடனாவும் இருக்க வேணாம். என் தம்பி திருடலை. அதை எழுதிக் கையெழுத்துப் போடு."

சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். வரலாற்றாசிரியர் நான்கு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். லோகாம்பாள் வாங்கிப் படித்தார். பள்ளிக்கூடத்தில் பிழை திருத்தும் அதே நிதானத்தோடு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இங்க 'தவறுதலாக'ப் பழி போட்டேன்னு எழுதியிருக்குது. அதை அடிச்சிட்டு, 'தெரிந்தே'ன்னு எழுது."

கலியாணசுந்தரம் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் அந்தச் சொல்லை அடித்து, மாற்றி எழுதினார்.