திருப்பி அனுப்பிய தட்டு

உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி களைந்த ஈரக் கையோடு போனைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள் கருப்பி. நேமத்தான்பட்டியில் அண்ணன் கோட்டைச்சாமி விடியற்காலையில் போய்விட்டாராம். நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர்தானாம்.

"அய்யோ... எங்கண்ணே!"

தலை சீவிக்கொண்டிருந்த மகள் மகாலட்சுமி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் இறுகிப்போனது.

"எதுக்கும்மா அழுகுற? 'படிச்ச புள்ள எங்க வீட்டுக்கு ஆகாது'ன்னு நம்மள வெட்டிவிட்ட ஆளுதானே! அப்பா சிங்கப்பூரு போனப்பக்கூட ஒரு எட்டு வந்து பாத்தாரா?"

"செத்தவுகள அப்படிப் பேசாத தாயி..."

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் மகாலட்சுமி. சேர்ந்த புதிதில் வகுப்பில் தன் பெயரைச் சொல்லவே கூசியவள். கூடப் படித்த ஒருத்தியைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் பேசியபோது, அவள் வீட்டுக்கே போய் அவளுடைய அப்பாவிடம் வாதாடித் திரும்ப அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் பெண்பிள்ளையின் படிப்பு நின்றாலும் இவளைத்தான் தேடி வந்தார்கள். மாணவிகள் இவளையே தலைவியாக்கினார்கள். மேடை ஏறினால் ஒரே கதையில்தான் தொடங்குவாள்: "நான் படிக்கிறேன்னு என் சொந்தத் தாய்மாமனே எங்கள ஒதுக்கி வச்சாரு..." கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கருப்பி மட்டும் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கேட்டால் அடுப்பு வேலையைக் காட்டித் தப்பித்துக்கொள்வாள்.

இன்றைக்கு ஊருக்கு பஸ் கேட்டு கலெக்டரிடம் மனுக் கொடுக்கும் நாள். அம்மாவைத் தனியே அனுப்ப மனமில்லாத மகாலட்சுமி, மனுவைத் தோழிகளிடம் ஒப்படைத்துவிட்டு வேண்டாவெறுப்பாகக் கூட வந்தாள். வழியில் கருப்பி ஒரு கோடி வேட்டி எடுத்தாள். இறந்த அண்ணன் உடம்பில் புதுத்துணியாகக் கோடி போடுவது கூடப் பிறந்தவளின் உரிமை. அதை அந்த வீடு வாங்க மறுத்தால் பிறந்த வீடே இல்லாமல் போனதாக அர்த்தம்.

வாசலை மிதித்ததும் அண்ணன் மனைவி அம்மாக்கண்ணு தலைவிரி கோலமாக எழுந்து வந்தாள்.

"அங்குட்டே நில்லுடி! எம்மகன் பாண்டிமுருகனுக்குப் பொண்ணு கேட்டு, பூவும் பழமுமா பரிசத் தட்டு தூக்கிட்டு வந்த மனுசன வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்புனவ நீ! இப்ப எந்த மூஞ்சியோட கோடி கொண்டாந்த?"

மகாலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா... அத்தை என்ன சொல்றாக?"

"நாந்தான் தாயி திருப்புனேன்... நீ பள்ளிக்கூடம் போயிருந்தப்ப. 'எம்மக படிக்கட்டும்ணே'ன்னு கால்ல விழுந்தேன். 'இனி உனக்குப் பொறந்த வீடு இல்ல'ன்னுட்டுப் போயிட்டாரு. உங்கிட்டச் சொன்னா, 'எனக்காகவா அண்ணன விட்ட?'ன்னு நீ படிப்ப விட்டுருவ. அதான் பழியத் தூக்கி அவுக மேல போட்டேன்..."

"அந்தப் பழிய அவரும் சொமந்தாருடி!" அம்மாக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டாள். "காரைக்குடியில உம்மக பேசுனப்ப கூட்டத்துக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு வந்தாரு. அன்னைக்குச் சோத்துல கை வைக்கல. போயி உண்மையச் சொல்லுங்கன்னு நான் சண்ட போட்டேன். 'எந்தங்கச்சி எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்குத் தெரியும். எம்பேரு கெட்டு அந்தப் புள்ள நிமிந்து நிக்கும்னா கெடட்டும்'னாரு. எங்க சின்னவளையும் காலேஜுல சேத்துவிட்டாரு. உங்க வாசலுக்கு வரத்தான் மானம் விடல... இன்னைக்குப் போவாரு, நாளைக்குப் போவாருன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்..."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனையோ மேடைகளில் தடுமாறாத மகாலட்சுமிக்கு வாய் குழறியது. கூடியிருந்த சனத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான் படிக்கிறேன்னு எங்க மாமா எங்கள ஒதுக்கல, நாங்கதான் அவரு தட்டத் திருப்புனோம்... ஊர் ஊராப் போயி நான் சொன்னது அத்தனையும் பொய்யி... இனி எங்க பேசுனாலும் இதத்தான் மொதல்ல சொல்லுவேன். மாமா... மன்னிச்சிருங்க மாமா!"

அவர் காலடியில் விழுந்து கதறியவளை, கல்லூரிக்குப் போகும் அந்த மாமன் மகள்தான் தூக்கி அணைத்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு மெல்ல எழுந்து வந்து கருப்பியின் கையைப் பிடித்தாள்.

"வா கருப்பி... உங்கண்ணனுக்கு நீயே போடு."

கருப்பி கோடியை விரித்து அண்ணன் மார்பில் போர்த்தினாள். நீட்டிய தட்டை அன்றைக்கு வாங்க மறுத்த அதே கைகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வேணாம்னு சொல்லுண்ணே... எந்திரிச்சு ஒரே ஒரு தடவ திருப்பிக் குடுத்துருண்ணே!"